சாக்குக்காரர்

ராத்திரி பதினொன்னே கால். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல மூணாவது சாப்டரை எப்படியாவது முடிச்சுடணும்னு லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருந்தேன். பின்னாடி கட்டில்ல இருந்து சின்னதா ஒரு குரல்.

"சித்தி, அட்டாலில சாக்குக்காரன் உக்காந்திருக்கான்."

வெளியூர் ஹாஸ்டல் மக்களுக்காக ஒரு குறிப்பு: எங்க ஊர்ல அட்டாலின்னா பரண். எங்க வீட்டு அட்டாலில பழைய குக்கர், கொலுசு இல்லாத கொலுசு டப்பா, என்னோட பத்தாவது கைடுகள், ஒரு உடைஞ்ச டேபிள் ஃபேன், இவ்வளவுதான் உண்டு. ஆனா நாலு வயசுக் குழந்தை சொன்னதுக்கப்புறம் அண்ணாந்து பார்த்தா, அந்த ஃபேன் கொஞ்சம் ஆள் மாதிரிதான் தெரிஞ்சுது. பொய் சொல்லக்கூடாது.

அக்கா ரெண்டாவது பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்த நேரம் அது. தம்பி பிறந்து பத்து நாள். அதுவரைக்கும் அம்மா பக்கத்துல மட்டுமே தூங்கிப் பழகின குட்டி திடீர்னு என் ரூமுக்கு மாற்றப்பட்டாள். பகல்ல பிரச்சினை இல்ல. பொழுதுபோனா ஆரம்பிச்சுடும். பாத்ரூம் போக துணை, தண்ணி குடிக்க துணை, கண்ணை மூடக்கூட துணை. எங்க வீடு வீரப்பன்சத்திரம் பக்கம். பின் தெருவுல தறி ஓடற சத்தம் ராத்திரியும் கேட்டுட்டே இருக்கும். அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் கொஞ்சம் தைரியமா இருப்பாள். கரண்ட் போய் தறி நின்னுச்சுன்னா அவ்வளவுதான், என் கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்குவாள்.

நான் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவ. கதைப் புத்தகத்துல வர்ற பேய் எல்லாம் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க. எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில ரெண்டு அரிசி மூட்டை, ஒரு ட்ரங்க் பெட்டி, விருந்தாளி வந்தா விரிக்கற பாய் எல்லாம் இருக்கு. பேய் படுக்கணும்னா முதல்ல மூட்டையை நகர்த்தணும். அதனால சின்ன வயசுல எனக்கு அந்தப் பயம் வரவே இல்ல. குட்டிக்கு வந்த பயம் புத்தகத்துல இருந்து வந்ததில்லைன்னு அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். புரியல.

முதல்ல நான் பண்ணினது எல்லாரும் பண்றதுதான். லைட்டைப் போட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, அட்டாலில இருந்த ஒவ்வொரு சாமானையும் காட்டி, "பாரு, யாரும் இல்ல. சாக்குக்காரன்னு ஒருத்தன் கெடையவே கெடையாது"ன்னு சொன்னேன். அவள் ரொம்ப பொறுமையா கேட்டுட்டு, "லைட் போட்டா போயிருவான் சித்தி, ஆஃப் பண்ணினா வருவான்"ன்னாள். இதுக்கு எதிரா என்ன லாஜிக் பேசுறது? வைவால எக்ஸ்டெர்னல் கிட்ட மாட்டின மாதிரி நின்னேன்.

அடுத்தது இஞ்சினியரிங் தீர்வு. லேப்ல மிச்சமிருந்த ஒரு பி.ஐ.ஆர். சென்சார், ஒரு ஆர்டுயினோ நானோ, அரை மீட்டர் எல்.இ.டி. ஸ்ட்ரிப். சூடான உடம்பு ஏதாவது அசைஞ்சா சென்சார் அதோட அகச்சிவப்புக் கதிர்ல வர்ற மாற்றத்தைக் கண்டுபிடிச்சு லைட்டைப் போடும். "இனிமே யார் வந்தாலும் லைட் தானா எரியும், நமக்குத் தெரிஞ்சிடும்"னு பெருமையா அட்டாலிக்குக் கீழ ஒட்டி வச்சேன். குட்டியும் கைதட்டினாள்.

ராத்திரி ரெண்டு மணிக்கு லைட் எரிஞ்சுது.

யாரும் அசையல. நாங்க ரெண்டு பேரும் படுத்துதான் இருந்தோம். வோல்டேஜ் ஏறி இறங்கினா, சூடான காத்து அடிச்சா அந்த மாட்யூல் சும்மாவே ட்ரிகர் ஆகும்னு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். "யார் வந்தாலும் எரியும்"னு சித்தி சொன்னா, எரிஞ்சிருச்சு, அப்போ வந்துட்டான். அந்த அழுகையில பச்சைக்குழந்தை தம்பியும் எழுந்து, அக்கா எழுந்து, அப்பா எழுந்து, பக்கத்து வீட்டு நாயும் எழுந்துருச்சு. நான்கு வருஷப் படிப்புல நான் டெமோ பண்ணி முதல் தடவையிலேயே முழுசா வேலை செஞ்ச ப்ராஜெக்ட், தப்பான திசையில வேலை செஞ்சுது.

மறுநாள் காலையிலதான் விஷயம் தெரிஞ்சுது. எட்டரை மணி இருக்கும். அம்மா வாசல் திண்ணையில குட்டிக்கு இட்லி ஊட்டிட்டு இருந்தாங்க. அவள் வாயில வச்சுக்கிட்டு முழுங்காம உட்கார்ந்திருந்தாள். அம்மா தெருமுனையைக் காட்டி, "ஏஞ்சாமி, ரெண்டே வாய்தான், வெசையா உண்டுரு. இல்லீன்னா அதா பாரு, சாக்குக்காரன் வர்றான். உண்ணாத புள்ளைகளை சாக்குல போட்டுக் கட்டி எடுத்துட்டுப் போயிருவான்"னாங்க.

நான் திரும்பிப் பார்த்தேன். தெருமுனையில நிஜமாவே ஒருத்தர் வந்துட்டு இருந்தார். அறுபது வயசுக்கு மேல இருக்கும். தோள்ல பெரிய வெள்ளைச் சாக்கு, கையில ஒரு கம்பி. பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப்பெட்டி பொறுக்கி எடைக்குப் போடறவர். நான் காலேஜ் பஸ்ஸுக்கு ஓடற எத்தனையோ காலையில அவரைப் பார்த்திருக்கேன். குட்டி ரெண்டு வாயையும் மென்னும் மெல்லாம முழுங்கிட்டு வீட்டுக்குள்ள ஓடிட்டாள்.

அப்போ, அட்டாலில உட்கார்ந்திருக்கிறது கற்பனை இல்ல. "அப்படி ஒருத்தன் கெடையாது"ன்னு நான் சொன்னதுதான் பொய். இருக்கார். தினம் காலையில எட்டரைக்கு வர்றார்.

அம்மாகிட்ட கேட்டேன். கோவிச்சுக்கிட்டாங்க. "நாலு வாய் அதிகமா உண்ணட்டும்னுதான் சொல்றேன். உங்க ரெண்டு பேரையும் இப்படித்தான் வளத்தேன். நீ இஞ்சினியரிங் படிக்கலையா?" இதுக்கும் என்கிட்ட பதில் இல்ல.

யோசிச்சுப் பார்த்தா எங்க வீட்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆள் இருந்திருக்கார். அம்மாவுக்கு அவங்க ஊர் எல்லையில இருந்த முனியப்பன் சிலை. உருட்டின கண்ணு, பெரிய மீசை, கையில அருவா. காவல் காக்கிற சாமியையே காட்டி சோறு ஊட்டியிருக்காங்க. அக்கா என்னைவிட ஏழு வயசு பெரியவ. அவளுக்கு மூணு வயசு இருக்கறப்போ, 2000 ஜூலை 30-ஆம் தேதி, எங்க மாவட்டத்துத் தாளவாடி பக்கம் தொட்டகாஜனூர்ல இருந்து நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திட்டுப் போனார். 108 நாள் கழிச்சுத்தான் விட்டார். அந்த 108 நாளும் பேப்பர்ல, டிவில அந்த மீசைதான். எங்க அப்பாவுக்கு வேற பூச்சாண்டியே தேவைப்படல. 2004 அக்டோபர்ல வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் எங்க வீட்ல அக்காவுக்காக அவர் கொஞ்ச நாள் உயிரோட இருந்தாராம்.

பூச்சாண்டிங்கிற சொல்லையே கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. பூச்சு, ஆண்டி. உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கிட்டு வீடு வீடா பிச்சை கேட்டு வர்ற ஆண்டிதான் பூச்சாண்டின்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. அது சரின்னா, முதல் பூச்சாண்டியும் ஒரு ஏழை மனுஷன்தான். பசியில சோறு கேட்டு வந்தவரைக் காட்டியே, சோறு வேண்டாம்னு சொல்ற குழந்தைக்கு ஊட்டியிருக்கோம். இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல. ஸ்பெயின்ல குழந்தைகளை மிரட்ட 'ஓம்ப்ரே டெல் சாக்கோ'ன்னு ஒருத்தர் உண்டு. சாக்கோன்னா சாக்கேதான். சாக்குக்காரன். அங்கேயும் சொல்பேச்சு கேக்காத குழந்தைகளை மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போறதுதான் அவரோட வேலை.

சரி, இந்தப் பயத்தை எப்படி எடுக்கிறது? ரிப்போர்ட்டை மூடி வச்சுட்டு ரெண்டு நாள் இதைப் பத்தியே படிச்சேன். 1920-ல அமெரிக்காவுல வாட்சன், ரெய்னர்னு ரெண்டு பேர் ஒரு கைக்குழந்தைகிட்ட ஒரு சோதனை பண்ணினாங்க. வெள்ளை எலியைக் காட்டறப்போ எல்லாம் பின்னாடி ஒரு இரும்புக் கம்பியை ஓங்கித் தட்டினாங்க. கொஞ்ச நாள்ல சத்தமே இல்லாம எலியைப் பார்த்தாலே குழந்தை அழ ஆரம்பிச்சுது. அந்தப் பயத்தை எடுக்காமலேயே விட்டுட்டாங்க. இன்னிக்கு இப்படி ஒரு சோதனைக்கு எந்தக் காலேஜும் அனுமதி தராது. ஆனா இட்லியும் சாக்கும் வச்சு எங்க திண்ணையில தினமும் நடந்தது இதுதான்.

நாலு வருஷம் கழிச்சு, 1924-ல, மேரி கவர் ஜோன்ஸ்ங்கிற உளவியலாளர் இதுக்கு நேர் எதிரா ஒண்ணு செஞ்சு எழுதினார். பீட்டர்னு ஒரு சின்னப் பையன், மூணு வயசுகூட ஆகல, முயலைக் கண்டா பயம். அவன் தனக்குப் பிடிச்சதைச் சாப்பிட்டுட்டு இருக்கறப்போ, கூண்டுல முயலை ரொம்ப தூரத்துல வச்சாங்க. அவன் அழாத தூரம். அடுத்தடுத்த நாள்ல கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல கொண்டுவந்தாங்க. முயலுக்குப் பயப்படாத மத்த குழந்தைகளையும் கூட விளையாட விட்டாங்க. கடைசியில முயல் அவனோட விரலைக் கொறிக்கிற அளவுக்குப் போயிடுச்சு. வெறும் வாயால சமாதானம் சொல்றதும், கிண்டல் பண்றதும் பயத்தைப் போக்கலன்னும் அவர் எழுதியிருக்கார். நான் ஸ்டூல் மேல ஏறி நின்னு பேசினது ஏன் எடுபடலன்னு அப்போதான் புரிஞ்சுது.

என்னை நிறுத்தின விஷயம் வேற. ஜோன்ஸ் சாப்பாட்டை வச்சுப் பயத்தை எடுத்தார். நாம பயத்தை வச்சுச் சாப்பாட்டை ஊட்டறோம். அதே ரெண்டு பொருள்தான், கனெக்ஷன் மட்டும் தலைகீழ்.

பீட்டர் கதையில முயல்கிட்ட யாரும் அனுமதி கேக்கல. இங்க அப்படி முடியாது. நான் போய் அந்தப் பெரியவர்கிட்ட பேசணும். என்னன்னு பேசறது? 'ஐயா, எங்க வீட்ல உங்களைத்தான் பேயா வச்சிருக்கோம், கொஞ்சம் உதவி பண்ண முடியுமா'ன்னா? ரெண்டு நாள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டேன். மூணாவது நாள் தைரியமா போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன், சொல்லும்போது காது சூடாச்சு.

அவர் கோவப்படல. சாக்கை இறக்கி வச்சுட்டு, "உங்கூட்ல மட்டுமா அம்மணி? இந்த லைன்ல பாதி வூட்ல என்னையக் காட்டித்தானுங்க சோறு ஊட்டறாங்க. நான் வந்தாத்தான் புள்ளைக வாயவே தொறக்குதுங்க"ன்னு சிரிச்சார். அப்புறம் சாக்கோட வாயை முடிஞ்சுக்கிட்டே, சிரிக்காம சொன்னார். "அந்தப் புள்ளை புடிக்கறவன்னு போன்ல வந்துச்சுங்களே, அந்த வருசந்தான் ரொம்பச் செரமமாப் போச்சு. ரெண்டு மாசம் சாக்கே எடுக்கல. தெரியாத தெருவுக்குப் போனா நாலு பேரு நின்னு பாப்பாங்க."

அவர் சொன்னது 2018. ஞாபகம் இருக்கா? வடநாட்டுல இருந்து குழந்தை கடத்தற கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸப்ல ஒரு மெசேஜ் சுத்திச்சு. அந்த மே மாசம் 9-ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துல, குலதெய்வக் கோயிலுக்குப் போக சென்னையில இருந்து சொந்தக்காரங்களோட கார்ல வந்த 65 வயசு அம்மா ஒருத்தர் வழியில இருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் குடுத்தார். புள்ளை பிடிக்கிறவங்கன்னு நினைச்சு ஊரே கூடி அடிச்சதுல அந்த அம்மா இறந்துட்டாங்க. நாட்டுல வேற பல இடத்துலயும் இதே மாதிரி நடந்து, அந்த ஜூலையிலதான் இந்தியாவுல ஒரு மெசேஜை ஒரே நேரத்துல அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு வாட்ஸப் அறிவிச்சது.

எனக்கு அப்போ பதினாலு வயசு. ஒன்பதாவது முடிச்ச லீவு. அந்த மெசேஜ் எனக்கும் வந்துச்சு. ஸ்கூல் குரூப்ல, டியூஷன் குரூப்ல, சொந்தக்காரங்க குரூப்லன்னு எல்லாத்துலயும் நானே ஃபார்வர்டு பண்ணினேன். 'எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கட்டும்'னு கீழ ஒரு வரி வேற சேர்த்தேன். அதை அனுப்பறப்போ என் மனசுல இருந்த உருவம் எது தெரியுமா? தோள்ல சாக்கு வச்சுக்கிட்டு நடந்து வர்ற ஒரு ஆள். நாலு வயசுல எனக்கு ஊட்டின அதே ஆள். பத்து வருஷமா அட்டாலில பத்திரமா இருந்திருக்கார், ஒரு மெசேஜ் வந்ததும் இறங்கி வந்துட்டார். இதை அந்தப் பெரியவர்கிட்ட சொல்லல. சொல்லியிருக்கணும். இங்க எழுதறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் ஒரு வாரம் நடந்தது இதுதான். முதல் ரெண்டு நாள் மாடி ஜன்னல்ல இருந்து குட்டியோட பார்த்தேன். கையில அவளுக்குப் பிடிச்ச கடலை மிட்டாய். அவர் குனிஞ்சு பாட்டில் எடுக்கறதை எண்ணினோம். முதல் நாள் ஏழு, அடுத்த நாள் பதினொண்ணு. மூணாவது நாள் கேட்டுக்கு உள்ளே, என் இடுப்புல. அவர் சொல்லி வச்ச மாதிரி எங்களைப் பார்க்காமலே போனார். நாலாவது நாள் பக்கத்து வீட்டு ஏழு வயசுப் பையனைக் கூப்பிட்டு, ஒரு அட்டைப்பெட்டியை அவர் கையில குடுக்கச் சொன்னேன். அவன் ரொம்ப சாதாரணமா குடுத்துட்டு வந்தான். குட்டி அவனை மேலயும் கீழயும் பார்த்தாள், கை கால் எல்லாம் இருக்கான்னு.

ஆறாவது நாள் அவர் கேட்டுக்கு வெளிய சாக்கை இறக்கி, வாயை அகலமாத் திறந்து வச்சுட்டு ரெண்டடி தள்ளி நின்னார். குட்டி என் கழுத்தை விடாம எட்டிப் பார்த்தாள். தண்ணி பாட்டில், பால் கவர், ஒரு செருப்பு, சக்கரம் போன பொம்மை கார். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "புள்ளைக எங்க?"ன்னாள்.

"என்ற பேத்தி பள்ளிக்கொடம் போயிருக்கறா சாமி. வேற புள்ளைக எங்கிட்ட இல்லியே"ன்னார்.

அன்னிக்கு ராத்திரி அட்டாலில யாரும் இல்ல. ஆனா அதோட எல்லாம் சரியாயிடுச்சுன்னு எழுத மாட்டேன். தறி நின்னா இன்னமும் என் கழுத்தைத்தான் பிடிக்கிறாள். பாதி பயம் சாக்குல இருந்து வந்தது, மீதி அம்மா பக்கத்துல வேற ஒரு குழந்தை படுத்திருக்கறதால வந்தது. அதுக்கு நான் சர்க்யூட் போட முடியாது. தூங்கறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் தம்பி இல்லாம அக்கா மட்டும் அவள் பக்கத்துல படுக்கறாங்க. அட்டாலிக்குக் கீழ இருந்த சென்சாரைக் கழட்டிட்டேன். பதிலா ஒரு சின்ன டார்ச் அவள் தலைமாட்டுல இருக்கு. ஆன் பண்றதும் ஆஃப் பண்றதும் அவள் கையில. தானா எரியற லைட்டைவிட, தன் கையால எரியற லைட்தான் அவளுக்குத் தைரியம்.

வீட்ல சின்னக் குழந்தை இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். மூணுல இருந்து ஆறு வயசு வரைக்கும் இந்த மாதிரி பயம் ரொம்ப சாதாரணம், பெரும்பாலும் தானா குறைஞ்சிடும். குறையாம வாரக்கணக்குல தூக்கமும் பள்ளிக்கூடமும் கெட்டா குழந்தை டாக்டர்கிட்ட கேளுங்க. அதுக்கு முன்னாடி, 'அப்படி எதுவும் இல்ல'ன்னு சொல்றதுக்குப் பதிலா, 'அது எப்படி இருக்கும், யார் உனக்குச் சொன்னாங்க'ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதில் உங்க வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கலாம்.

அம்மா கொஞ்ச நாள் என்கூட சரியா பேசல. ஆனா காலையில திண்ணைக்கு ஒரு சொம்புத் தண்ணி எடுத்துட்டுப் போறதை நான் கவனிச்சேன். அவருக்குத்தான். போன வாரம் மறுபடியும் குட்டி வாயில இட்லியை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா பழக்க தோஷத்துல, "உண்ணலீன்னா அதா பாரு, சாக்கு..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க.

குட்டி தெருமுனையைப் பார்த்துட்டு, "சாக்குத் தாத்தாவுக்கு ஒரு இட்லி குடுங்க அம்மாயி. நான் உண்ண மாட்டேன், அவரு உண்ணட்டும்"ன்னு தட்டைத் தள்ளிட்டாள்.

பயம் போயிடுச்சு. சோறு ஊட்டறதுக்குத்தான் வேற வழி இன்னும் கண்டுபிடிக்கல.